நாய்க்கு அனுமதி இல்லாத ஏரி

நாய்க்கு நான்கு கால். எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் காலை ஆறரை மணிக் குளிரில், விரல் எல்லாம் விறைத்துப் போயிருக்கும்போது, ஒவ்வொரு காலாகப் பிடித்து ரப்பர் அடி வைத்த ஷூவை மாட்டிப் பாருங்கள், நான்கு எவ்வளவு பெரிய எண் என்று புரியும். முன்னங்கால் இரண்டையும் முடித்துவிட்டுப் பின்னங்காலுக்கு வருவதற்குள் முதலில் மாட்டியது மணியின் வாயில் இருக்கும். தம்பி கூடாரத்துக்குள் இருந்து தலையை மட்டும் நீட்டி, "அக்கா, அதுக்குப் பதிலா சாக்ஸ் போட்டு ரப்பர் பேண்ட் சுத்திடு" என்று யோசனை சொன்னானே தவிர, வெளியே வந்து ஒரு காலையாவது பிடிக்கவில்லை.

மணி பாதி லாப்ரடார். மீதிப் பாதி என்னவென்று காப்பகத்தில் கொடுத்தவர்களுக்கே தெரியவில்லை. 18 கிலோ, கறுப்பு, இடது காது மட்டும் நிற்காது. வீட்டில் நாங்கள் மணியை 'அவன்' என்றுதான் சொல்வோம், ஆனால் இந்தக் கதையில் தம்பியும் ஒரு அவன் என்பதால் படிப்பவர்களுக்குக் குழம்பும், அதனால் மணியை மணி என்றே எழுதிவிடுகிறேன்.

இடம் கலிபோர்னியாவின் டெத் வேலி தேசியப் பூங்கா. அம்மாவிடம் போனில் சொன்னபோது, "சாவுப் பள்ளத்தாக்கா? வேற எடமே கெடைக்கலையாடி உங்களுக்கு?" என்றார். 1913 ஜூலையில் 56.7 டிகிரி செல்சியஸ் பதிவான ஊர், உலகத்தில் பதிவானதிலேயே அதிகமான வெயில் என்று அந்தக் கணக்கைத்தான் இன்றைக்கும் சொல்கிறார்கள். அதை மட்டும் நான் அம்மாவிடம் சொல்லவில்லை. நாங்கள் போனது பிப்ரவரி, வெயிலே கிடையாது, குளிரத்தான் செய்யும் என்று சொன்னேன். அது உண்மையும்கூட.

தம்பி லாஸ் வேகஸில் இருக்கிறான். அவனிடம் ஒரு பழைய பிக்கப் டிரக் இருக்கிறது. என்னிடம் நாய் இருக்கிறது. இரண்டு பேரிடமும் சைக்கிள் இருக்கிறது. ரொம்ப நாளாக எனக்குப் பார்க்க ஆசை, அந்தப் பூங்காவில் இருக்கும் ரேஸ்டிராக் என்ற வறண்ட ஏரியை. தானாக நகரும் கற்கள் இருக்கிற ஏரி. நாயைக் கூட்டிக்கொண்டு அமெரிக்க தேசியப் பூங்காவுக்குப் போவது பொதுவாக வீண் வேலை, பெரும்பாலான இடங்களில் நடைபாதையில் நாயை விட மாட்டார்கள், காரிலேயே உட்கார்ந்து திரும்பி வர வேண்டியதுதான். டெத் வேலியிலும் அப்படித்தான், நடைபாதை எதிலும் நாய் கூடாது, கட்டாந்தரை எதிலும் கூடாது. ஆனால் வண்டி போகிற சாலையில் போகலாம், தார்ச்சாலையோ மண்சாலையோ, ஆறடிக் கயிற்றில் பிடித்துக்கொண்டு எவ்வளவு தூரம் வேண்டுமானாலும். சைக்கிளுக்கும் கிட்டத்தட்ட அதே சட்டம்தான். வண்டி போகும் சாலை எல்லாம் சைக்கிளும் போகலாம், நடைபாதையில் இறங்கக் கூடாது. ஆக இந்தப் பூங்காவில் நாயும் சைக்கிளும் ஒரே கட்சி. இதைக் கண்டுபிடித்த அன்று ராத்திரி பதினொரு மணிக்குத் தம்பிக்குப் போன் போட்டேன். "ரோடு மட்டும்தானே, அப்ப ரோட்லயே போவோம்" என்றான்.

லாஸ் வேகஸிலிருந்து வடக்கே பீட்டி என்ற சிற்றூர் வரை போய், அங்கே பெட்ரோல் நிரப்பிக்கொண்டு, மேற்கே திரும்பி மலையைக் கடந்து பள்ளத்தாக்கில் இறங்கினோம். பீட்டியில் காட்டுக் கழுதைகள் தெருவில் சாதாரணமாகத் திரிகின்றன. மணி அதற்கு முன்னால் கழுதையைப் பார்த்ததில்லை. குரைப்பதா வேண்டாமா என்று முடிவு பண்ண முடியாமல் ஒரு மாதிரி தும்மியது.

தங்கியது மெஸ்கீட் ஸ்பிரிங் முகாமில். பூங்காவின் வடக்கு மூலையில் இருக்கிறது, தண்ணீர்க் குழாய் உண்டு, கழிப்பறை உண்டு, வேறு எதுவும் இல்லை. போன் சிக்னல் மலையைக் கடந்தபோதே செத்துவிட்டது. ராத்திரி வானத்தைப் பற்றி எழுத ஆரம்பித்தால் நிற்காது, விட்டுவிடுகிறேன். ஒன்று மட்டும்: எங்கள் ஊரில் மின்சாரம் போகிற ராத்திரிகளில் மொட்டை மாடியில் படுத்துப் பார்த்த வானத்தை விடவும் கூடுதலாக இருந்தது. அதை நான் எதிர்பார்க்கவில்லை.

மறுநாள் காலை ஷூ சண்டை முடிந்து புறப்பட்டோம். முகாமிலிருந்து கொஞ்ச தூரத்தில் உபஹீபி என்ற எரிமலைப் பள்ளம். கீழிருந்து ஏறிவந்த எரிகுழம்பு நிலத்தடி நீரைத் தொட்டு, நீர் ஒரே நொடியில் ஆவியாகி, மேலே இருந்த பாறையை எல்லாம் வெடித்துத் தூக்கி எறிந்த இடம். 800 மீட்டர் அகலம் இருக்கும். இந்த மண்ணின் பூர்வகுடிகளான திம்பிஷா ஷோஷோனி மக்கள் இதைக் கொயோட்டியின் கூடை என்கிறார்கள், கொயோட்டி என்றால் அந்தப் பக்கத்து ஓநாய்க் குள்ளன். விளிம்பைச் சுற்றி ஒரு நடைபாதை இருக்கிறது, நாய்க்குக் கிடையாது. வண்டி நிறுத்தும் இடத்திலிருந்தே பள்ளம் முழுவதும் தெரியும் என்பதால் மணிக்குப் பெரிய நஷ்டம் இல்லை. காற்றுதான் தாங்கவில்லை. மணியின் நிற்காத காது அன்றைக்குத்தான் முதல் தடவையாக நின்றது.

அங்கே முடிகிறது தார்ச்சாலை. அதற்கப்புறம் ரேஸ்டிராக் வரை 43 கிலோமீட்டர் மண்ணும் சரளையும். இந்தச் சாலைக்கு ஊர் முழுக்க ஒரு கெட்ட பெயர் உண்டு, டயரைக் கிழிப்பதற்கு. சரளை என்றால் உருண்டைக் கல் இல்லை, உடைந்த கல், ஒவ்வொன்றுக்கும் விளிம்பு இருக்கிறது. தம்பி டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கினான், காற்று குறைந்த டயர் கல்லை முட்டாமல் கல்லின் மேல் படிந்து போகும். கூடுதலாக ஒரு ஸ்டெப்னி, காற்றடிக்கும் மோட்டார், 30 லிட்டர் தண்ணீர். நடுவில் மாட்டிக்கொண்டால் இழுவை வண்டிக்குக் கொடுக்கிற காசில் இரண்டு பேரும் மதுரைக்குப் போய் வந்துவிடலாம் என்று அவன் சொன்னான். கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை, வேகத்தை மட்டும் குறைக்கச் சொன்னேன்.

கல்லை விடக் கொடுமை சாலையின் மேல் இருக்கும் வரிகள். தகரக் கொட்டகையின் கூரையைப் பிரித்துச் சாலையில் போட்டு அதன் மேல் ஓட்டுவது போல இருக்கும், குறுக்காக, கை அகலத்துக்கு ஒரு மேடு ஒரு பள்ளம், மேடு பள்ளம், 43 கிலோமீட்டருக்கும். இதை யாரும் வேண்டுமென்று போடவில்லை. இளகிய மண்ணில் சக்கரம் கொஞ்சம் வேகமாகப் போனால் சின்ன மேட்டில் துள்ளும், துள்ளி இறங்கும் இடத்தில் மண்ணைத் தள்ளிக் குழி பறிக்கும், அடுத்த வண்டி அதே குழியில் விழுந்து அதை இன்னும் ஆழமாக்கும். இத்தனை வருஷமாக வந்து போனவர்கள் எல்லோரும் சேர்ந்து செய்த சிற்பம். நாங்களும் எங்கள் பங்குக்குக் கொஞ்சம் செதுக்கினோம். டிரக்கின் கதவுப்பக்கம் வைத்திருந்த எவர்சில்வர் டம்ளர் ஒரு மணி நேரம் கிணுகிணு என்று ஒரே சுருதியில் பாடிக்கொண்டிருந்தது, எடுத்து உள்ளே வைக்க இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

சாலை ஏறிக்கொண்டே போகிறது. மேலே போகப் போக யோசுவா மரங்கள் வர ஆரம்பித்தன. கையைக் காலைத் தாறுமாறாகத் தூக்கிக்கொண்டு நிற்கும் மரம், தாழம்புதரும் பனையும் சண்டை போட்டுக்கொண்டு பாதியில் நிறுத்தியது மாதிரி. 32 கிலோமீட்டர் தாண்டியதும் டீகெட்டில் ஜங்ஷன் வந்தது.

சந்திப்பு என்று பெயர்தானே தவிர மூன்று மண்சாலை சேரும் இடத்தில் ஒரு மரப்பலகை, அவ்வளவுதான். பலகை முழுக்கக் கெட்டில்கள் தொங்குகின்றன. வருகிறவர்கள் வீட்டிலிருந்து பழைய தேநீர்க் கெட்டிலைக் கொண்டுவந்து, அதில் பெயரையும் தேதியையும் எழுதிக் கம்பியில் கட்டிவிட்டுப் போவது இங்கே வழக்கம். சிவப்பு, நீலம், எனாமல் போனது, மூக்கு உடைந்தது, புத்தம் புதிதாகக் கடையில் வாங்கியது. கோயில் மரத்தில் தொட்டில் கட்டுவது மாதிரி இருக்கிறது, வேண்டுதல் என்ன என்றுதான் தெரியவில்லை. தம்பி வீட்டிலிருந்து ஒரு பழைய டீ வடிகட்டியை எடுத்து வந்திருந்தான். கட்டலாமா என்று கேட்டான். "எதையும் விட்டுட்டு வராதீங்கன்னு வாசல்லயே எழுதிப் போட்டிருக்கான், இதை மட்டும் எல்லாரும் சேர்ந்து பண்ணா சரியாயிடுமாடா?" என்றேன். அவன் வடிகட்டியைத் திரும்ப வண்டியில் போட்டான். ஆனால் அந்தக் கெட்டில்களைப் பத்து நிமிஷம் ரசித்துப் போட்டோ எடுத்ததும் நான்தான், அதையும் சொல்லிவிட வேண்டும்.

டிரக்கை அங்கேயே ஓரமாக நிறுத்திவிட்டுச் சைக்கிளை இறக்கினோம். ஏரியின் வட பக்கத்துக்கு அங்கிருந்து 10 கிலோமீட்டர் சொச்சம், கற்கள் இருக்கும் தென் முனைக்கு இன்னும் ஒரு 3 கிலோமீட்டர். போகும்போது இறக்கம், வரும்போது ஏற்றம். புத்தியுள்ளவர்கள் இதற்கு நேர் எதிரான ஏற்பாட்டைத் தேர்ந்தெடுப்பார்கள், எங்களுக்கு வேறு வழியில்லை. மணிக்கு என் சைக்கிளின் பின்னால் மாட்டும் இரண்டு சக்கர டிரெய்லர், குழந்தைகளை உட்கார வைப்பார்களே அந்த மாதிரி, நாய்க்கென்றே செய்தது. கொஞ்ச தூரம் அதில் உட்கார்ந்து வரும், கொஞ்ச தூரம் இறங்கி நடக்கும், அப்போது நானும் இறங்கித் தள்ளிக்கொண்டு நடப்பேன். நாயைச் சைக்கிளோடு கட்டி ஓட வைப்பது எனக்குப் பிடிக்காது, அதுவும் இந்தக் கல்லில்.

சைக்கிளில் அந்த வரிகளின் மேல் போவது வேறு அனுபவம். டிரக்கில் சத்தம்தான், சைக்கிளில் எலும்பு. பல்லைக் கடித்துக்கொண்டால் பல் வலிக்கிறது, திறந்து வைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்கிறோம். சாலையின் இரண்டு ஓரத்திலும் ஒரு முழம் அகலத்துக்கு வரி குறைவான மண் இருக்கிறது, ஆனால் அங்கே மண் மாவு மாதிரி, சக்கரம் புதையும். நடுவில் ஆட்டம், ஓரத்தில் புதைவு, இரண்டுக்கும் நடுவே ஒரு கோட்டைத் தேடித் தேடிப் போனோம். எதிரே வண்டி வந்தால் இறங்கி நின்று வாயை மூடிக்கொண்டு புழுதி அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். அன்றைக்கு மொத்தம் ஐந்து வண்டி வந்தது. ஐந்து பேரும் வேகத்தைக் குறைத்தார்கள், நாலு பேர் நாயைப் பார்த்துக் கையசைத்தார்கள். எங்களுக்கு யாரும் அசைக்கவில்லை.

பாதி தூரத்தில் டிரெய்லர் திடீரென்று ஒரு பக்கம் சாய்ந்து இழுத்தது. மணி உள்ளே இருந்து ஒரு மாதிரி கூவியது, குரைப்பு இல்லை, புகார். இறங்கிப் பார்த்தால் டிரெய்லரின் கையைச் சைக்கிளோடு சேர்க்கும் ஆணி பாதி வெளியே வந்து தொங்குகிறது, ஆணி நழுவாமல் இருக்க அதன் நுனித் துளையில் மாட்டியிருந்த சின்ன வளையத்தைக் காணோம். ஆட்டத்தில் எங்கேயோ கழன்று விழுந்திருக்கிறது. பாதுகாப்புப் பட்டை ஒன்று கூடவே கட்டியிருந்ததால்தான் மணியும் வண்டியும் தனியாகப் போகாமல் எங்களோடு வந்துகொண்டிருந்தன. அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பார்கள், எங்கள் தேர் கொஞ்சம் கூடுதலாகவே ஓடியிருக்கிறது.

"கம்பி இருக்கா?" என்றேன். "கெட்டில் ஜங்ஷன்ல எவ்ளோ கம்பி தொங்குச்சு, எதையும் தொடாதேன்னு நீதான் சொன்ன" என்றான். எடுக்கச் சொல்லியிருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன், ஆனால் அந்த நேரத்தில் அது ஆறுதலாக இல்லை. அப்போதுதான் ஊக்கு ஞாபகம் வந்தது. என் கைப்பையில் எப்போதும் ஒரு ஊக்குக் கொத்து கிடக்கும், பெரிய ஊக்கில் சின்ன ஊக்குகளைக் கோத்து வைத்தது. பத்து வருஷமாக அமெரிக்காவில் இருக்கிறேன், புடவை கட்டுவது வருஷத்துக்கு நாலு தடவை, ஆனாலும் அந்தக் கொத்து இல்லாமல் நான் வெளியே கிளம்பியதில்லை, அம்மாவின் தாலிச் சரட்டில் பார்த்து வந்த பழக்கம். தம்பி சின்ன வயதில் இருந்தே இதைக் கிண்டல் பண்ணுவான். அவனே ஆணியைத் தட்டி உள்ளே இறக்கி, துளையில் பெரிய ஊக்கைப் போட்டுப் பூட்டி, பத்தாததற்கு இன்னும் இரண்டு ஊக்கைக் குறுக்காக மாட்டினான். ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை, பேசாமல் இருப்பதில்தான் அதிக சுகம் இருந்தது. அந்த மூன்று ஊக்கும் மிச்சம் 20 கிலோமீட்டருக்கு அசையவில்லை.

ஒரு வளைவு திரும்பியதும் கீழே ஏரி. சுற்றிலும் மலை, நடுவில் பழுப்பும் வெள்ளையுமாக ஒரு சமதளம், நாலரை கிலோமீட்டர் நீளம், இரண்டு கிலோமீட்டர் அகலம், கடல் மட்டத்துக்கு மேல் 1130 மீட்டர் உயரத்தில். எவ்வளவு சமம் என்றால் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் உயர வித்தியாசம் சில சென்டிமீட்டர்தான். வட பக்கத்தில் கிராண்ட்ஸ்டாண்ட் என்று ஒரு கறுப்புப் பாறைக் குன்று அந்தச் சமதளத்தின் நடுவே தனியாக முளைத்து நிற்கிறது, இருபது மீட்டர் சொச்சம் உயரம். பந்தயத் திடல் என்று ஏரிக்குப் பெயர் வைத்தவர்கள் குன்றுக்குப் பார்வையாளர் மாடம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். எனக்கு அது வற்றிய தெப்பக்குளத்தின் மைய மண்டபமாகத்தான் தெரிந்தது.

தென் முனையில் வண்டி நிறுத்தும் இடத்துக்குப் போய்ச் சேர மணி பன்னிரண்டரை. அங்கேதான் எங்கள் கட்சியின் எல்லை. ஏரிக்குள் நடந்து போகலாம். சைக்கிள் போகக் கூடாது, நாயும் போகக் கூடாது. ஏரிப் படுகையில் ஒரு தடம் பதிந்தால் வருஷக்கணக்கில் அழியாது, ஈரமாக இருக்கும்போது மனிதர்களும் நடக்கக் கூடாது என்பதுதான் விதி. 2016இல் யாரோ ஒருவர் ஏரிக்குள் வண்டியைவிட்டுச் சுற்றிச் சுற்றி ஓட்டி டயர் தடமாகப் போட்டு வைத்தார். அதைப் பற்றிப் படித்தபோது எனக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை. மணியின் நகமும் அதேதான் செய்யும், அளவு மட்டும்தான் சின்னது, அதனால் இந்த விதியில் எனக்கு முணுமுணுப்பு எதுவும் இல்லை.

நாயைத் தனியாகக் கட்டிப்போட்டுவிட்டும் போகக் கூடாது. ஆக ஒருத்தர் உள்ளே போனால் ஒருத்தர் வெளியே. இது தெரிந்துதான் வந்தோம், ஆனால் யார் முதலில் என்று பேசி வைக்கவில்லை. "நீ போய்ட்டு வாக்கா" என்றான். "நீ போடா, நான் புளிசாதம் சாப்பிடணும்" என்றேன். சண்டையே போடாமல் ஒரு முடிவு எடுத்தது அந்த ஒரு தடவைதான்.

தம்பி நடந்து போனான். நல்ல கற்கள் இருப்பது தென்கிழக்கு மூலையில், முக்கால் கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். நானும் மணியும் சாலையோரத்தில் உட்கார்ந்தோம். மணிக்கு ஷூவைக் கழற்றிவிட்டு மடக்குக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றினேன், அந்த இடத்தின் அமைதியில் நாய் தண்ணீர் குடிக்கிற சளப் சளப் சத்தம் ஒரு அருவி மாதிரி கேட்டது. அதற்கப்புறம் மணி ஏரியைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டது. தம்பி சின்னதாகிக்கொண்டே போனான். ஒரு கட்டத்துக்கு மேல் போகிறானா நிற்கிறானா என்றே தெரியவில்லை, அந்தச் சமதளத்தில் தூரத்தை அளக்க எதுவும் இல்லை, ஒரு மரம் இல்லை, ஒரு கம்பம் இல்லை. அங்கங்கே கறுப்புக் கறுப்பாகப் புள்ளிகள், அதில் எது தம்பி எது கல் என்று எனக்குக் குழம்பிவிட்டது. ஒரு புள்ளியை ரொம்ப நேரம் அவன்தான் என்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன், ஏதோ பெரிதாக யோசிக்கிறான் போல, அசையவே இல்லையே என்று. அப்புறம் அதற்கு வெகு தூரம் தள்ளி இன்னொரு புள்ளி நகர்ந்தது. மணி மட்டும் ஆரம்பத்தில் இருந்தே சரியான புள்ளியைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது, மூக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது. எங்கிருந்தோ ஒரு அண்டங்காக்கை வந்து புளிசாத டப்பாவுக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்துகொண்டு, மூடியைத் திறக்கிறவரை நான் சும்மா இருக்கிறேன் என்பது மாதிரி தலையைச் சாய்த்துப் பார்த்தது. கொடுக்கவில்லை, காட்டு உயிருக்குத் தீனி போடக் கூடாது. அதற்கு அந்த விதி பிடிக்கவில்லை என்பது தெரிந்தது.

ஒரு மணி நேரம் கழித்துத் தம்பி வந்தான். எப்படி இருந்தது என்று கேட்டேன். "போய்ப் பாரு" என்றான், அவ்வளவுதான். ஆறு மணி நேரம் டிரக்கில் வாய் ஓயாமல் பேசியவன்.

எங்கள் பக்கத்துக் கண்மாய் கோடையில் வெடித்துக் கிடப்பதைப் பார்த்தவளுக்கு வறண்ட ஏரி புதுசு இல்லை. ஆனால் கண்மாயில் விரிசலுக்குள் கை நுழையும், ஓரம் எல்லாம் அப்பளம் மாதிரி சுருண்டு நிற்கும், காலை வைத்தால் நொறுங்கும். இங்கே விரிசல் மயிரிழைதான். உள்ளங்கை அளவுக்கு ஐந்து மூலை ஆறு மூலைத் துண்டுகளாக, தேன்கூட்டை ஆயிரம் வருஷம் இஸ்திரி போட்டது போல, தட்டை. சிமென்ட் தளத்தில் நடப்பது மாதிரி இருக்கிறது, கால் சத்தம்கூட எழுவதில்லை.

பத்து நிமிஷம் நடந்ததும் முதல் கல். முழங்கால் உயரம்கூட இல்லை, கறுப்பு டோலமைட், தெற்கே இருக்கும் மலைச்சரிவிலிருந்து உருண்டு விழுந்தது. அதற்குப் பின்னால் அதே அகலத்துக்கு ஒரு தடம், விரல் ஆழம்கூட இருக்காது, இரண்டு பக்கமும் மண் மெல்லிய வரப்பாக ஒதுங்கி, நேராக வந்து, லேசாக வளைந்து, மறுபடி நேராகி, என் கண் எட்டும் தூரத்துக்கு அப்பால் போகிறது. சுற்றி ஒரு காலடி இல்லை. யாரும் தள்ளவில்லை என்பது பார்த்த உடனே தெரிகிறது, எப்படித் தெரிகிறது என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. நான் அதன் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தேன். கல்லின் முன்பக்கம், அதாவது அது போகிற பக்கம், கொஞ்சம் மண் குவிந்து கெட்டியாகி இருந்தது, சாணி மெழுகிய தரையில் கட்டிலை இழுத்தால் காலடியில் சேருமே அது போல. அந்த மண் குவியலைப் பார்த்த பிறகுதான் எனக்கு நிஜமாகவே சிலிர்த்தது. தடத்தை எத்தனையோ போட்டோவில் பார்த்துவிட்டேன், இதை எந்தப் போட்டோவிலும் கவனித்ததில்லை.

1948லேயே இந்தக் கற்களைப் பற்றி நிலவியலாளர்கள் எழுதிவிட்டார்கள். புயல் காற்று, வழுக்கும் சேறு, பனிக்கட்டி என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள், வேற்றுக்கிரகக்காரர்களையும் சிலர் விட்டு வைக்கவில்லை. எழுபதுகளில் ஷார்ப், கேரி என்று இரண்டு ஆய்வாளர்கள் 30 கற்களுக்குப் பெண்களின் பெயர் வைத்து ஏழு வருஷம் கண்காணித்தார்கள். கற்கள் இடம் மாறியிருந்தன. மாறும்போது பார்த்தவர் இல்லை. கடைசியில் ரிச்சர்ட் நாரிஸும் அவருடைய உறவினர் ஜேம்ஸ் நாரிஸும் 2011 குளிர்காலத்தில் ஜிபிஎஸ் பொருத்திய 15 கற்களை ஏரியில் கொண்டு வைத்தார்கள், இங்கே இருக்கும் கற்களில் துளை போடப் பூங்கா அனுமதிக்காததால் வெளியிலிருந்து கல் கொண்டுவந்து. 2013 டிசம்பரில் போய்ப் பார்த்தபோது ஏரியில் சில சென்டிமீட்டர் தண்ணீர் தேங்கி ராத்திரியில் மேலே உறைந்திருந்தது. டிசம்பர் 20ஆம் தேதி நடுப்பகலில் வெயில் பட்டு அந்தக் கண்ணாடி போன்ற பனித்தகடு படபடவென்று உடைந்து, பெரிய பெரிய பாளங்களாக மிதந்து, லேசான காற்றில் நகர்ந்து, முன்னால் நின்ற கற்களைத் தள்ளிக்கொண்டே போனது. தகட்டின் தடிமன் சில மில்லிமீட்டர்தான். வேகம் நிமிஷத்துக்கு இரண்டு முதல் ஐந்து மீட்டர். அவ்வளவு மெதுவாகப் போவதால், நின்று பார்த்தாலும் நகர்வது சட்டென்று தெரியாது. கல்லை மட்டும் பார்த்தால் நிற்பது போல இருக்கும்.

மர்மம் தீர்ந்துவிட்டதே, இனி என்ன சுவாரசியம் என்று யாராவது சொன்னால் எனக்குப் புரிவதில்லை. பாலைவனத்தில் மழை பெய்து, அது ஏரியாகி, ஆவியாவதற்குள் உறைந்து, சரியான தடிமனில் உடைந்து, அன்றைக்குப் பார்த்துக் காற்றும் அடிக்க வேண்டும். பிசாசு தள்ளியது என்பதை நம்புவது இதைவிடச் சுலபம்.

நான் திரும்பி நடந்தபோது கரையில் இரண்டு புள்ளி. ஒன்று பெரியது, ஒன்று சின்னது. சின்னது துள்ளிக்கொண்டிருந்தது.

திரும்பும் வழியைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை, ஏற்றம், எதிர்காற்று, டிரெய்லரில் 18 கிலோ. பாதிக்கு மேல் தம்பி சைக்கிளை மாற்றிக்கொண்டு மணியை இழுத்தான். மணி உள்ளே ராஜா மாதிரி உறங்கியது. டிரக்குக்கு வந்தபோது கெட்டில்களின் மேல் சாயங்கால வெயில், எங்கள் இரண்டு பேர் முகத்திலும் சுண்ணாம்பு அடித்தது போல் புழுதி, ஷூ எண்ணிப் பார்த்தேன், நான்கும் இருந்தது.

ராத்திரி முகாமில் போனை மாற்றி மாற்றி வைத்துப் போட்டோ பார்த்தோம். இரண்டு பேரும் ஒரே கல்லின் பக்கத்தில் நின்று எடுத்திருக்கிறோம், உச்சியில் வெள்ளைக் கீறல் உள்ள கல், எனக்கு அது நிச்சயம். தம்பி வேறு கல் என்கிறான். அவன் போட்டோவில் தடம் இடப்பக்கம் வளைகிறது, என்னுடையதில் வலப்பக்கம். "நீ எதிர்ப் பக்கத்துல நின்னு எடுத்திருப்ப" என்றேன். "நான் எங்க நின்னேன்னு எனக்குத் தெரியாதா? நீ கரையில உட்கார்ந்து பார்த்துட்டுதானே இருந்த, நீயே சொல்லு நான் எங்க நின்னேன்னு" என்றான்.

எந்தப் புள்ளி அவன் என்று எனக்குத் தெரியவில்லை என்பதை நான் இன்னும் அவனிடம் சொல்லவில்லை.